நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று யார் சொல்வது?

பாலாற்றங்கரைப் பணம் – தொடர் 9

வெளிநாட்டில் சம்பாதித்த பணம் எந்தெந்த வழிகளில் வீடு வந்து சேர்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். வந்த பணம் வங்கியில் டெபாசிட் ஆன பிறகு நடப்பது இந்த வாரம். வட்டி ஏறுகிறது, வட்டியில் வரி பிடிக்கப்படுகிறது, பிடித்ததற்குச் சான்றாகப் படிவம் 16ஏ என்ற சீட்டு வருகிறது. அந்தச் சீட்டில் உங்கள் குடியிருப்பு நிலை தவறாக இருந்தால் என்ன செய்வது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் வரி ஆலோசகர்களிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது.

இந்த ஊர்களில் இந்தக் குழப்பம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே தோலும் பயணமும் சேர்ந்தே வளர்ந்தவை. டேனரியில் பதமான தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டி வழியாகக் கப்பலேறியது. 1970களில் பதனிடாத தோலை ஏற்றுமதி செய்வதற்குத் தடை வந்த பின், அப்பர், ஷூ என்று முழுப்பொருள் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன. அதே காலத்தில் வளைகுடா நாடுகளின் கதவும் திறந்தது. ஒரே வீட்டில் தங்கை ஷூ கம்பெனி ஸ்டிச்சிங் லைனில் இருப்பார், அண்ணன் துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். தொழில் தெரிந்தவர்கள் வங்கதேசம், எத்தியோப்பியா, வியட்நாம் என்று ஒப்பந்தத்தில் போய் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்புகிறார்கள். போவதும் வருவதும் வாழ்க்கை முறையாகிவிட்ட இடத்தில், ஒருவர் இந்த ஆண்டு இந்தியாவில் குடியிருப்பவரா, வெளிநாடுவாழ் இந்தியரா என்பது ஆண்டுக்காண்டு மாறுகிறது. ஆனால் வங்கிக் கணினியில் ஏறிய குறியீடு, யாராவது போய் மாற்றும் வரை அப்படியே நிற்கிறது.

இரண்டு சட்டங்கள், இரண்டு கணக்குகள்

குழப்பத்தின் வேர் இங்கேதான். நம் குடியிருப்பு நிலையை இரண்டு சட்டங்கள் தனித்தனியாகக் கணிக்கின்றன.

முதலாவது, 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா. வங்கிகள் பின்பற்றுவது இதைத்தான். வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்பட்ட அன்றே இந்தச் சட்டத்தின் பார்வையில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் ஆகிவிடுகிறார். அவருடைய சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் குடியிருப்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வருமான வரிச் சட்டம். இது நோக்கத்தைவிட நாட்களைப் பார்க்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஆண்டில் இந்திய மண்ணில் 182 நாட்களோ அதற்கு மேலோ இருந்தவர் இந்தியக் குடியிருப்பாளர். அதற்குக் குறைந்தால் 60 நாள் விதி என்று இன்னொன்று உண்டு: அந்த ஆண்டில் 60 நாட்களும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இங்கே இருந்தவரும் குடியிருப்பாளரே. ஆனால் வேலைக்காக வெளிநாடு புறப்படும் ஆண்டில் இந்தியக் குடிமகனுக்கு இந்த 60 நாள் விதி இல்லை, 182 மட்டுமே கணக்கு. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்து போகிறவருக்கும் அப்படியே. ஒரே விலக்கு, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள். 2020 நிதிச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு 60 என்பது 120 நாட்களாகிறது. தோல் தொழிலாளிக்கு இந்த வரம்பு எட்டாத தூரம்.

1961 சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், நாட்களை எண்ணும் இந்த அடிப்படை மாறவில்லை. மக்கள் கையில் இருக்கும் சீட்டுகள் பெரும்பாலும் பழைய சட்டத்தின் பிரிவு எண்களைத் தாங்கியவை. அதனால் இங்கே அந்த எண்களையே சொல்கிறேன்.

ஒரே ஆண்டில் இரண்டு முகம்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கியவர் 2024 நவம்பர் 15 அன்று துபாய்க்கு விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சம்பளம் மாதம் 70,000 ரூபாய்க்குச் சமம். ஊரில் அவர் பெயரில் 8 லட்சம் ரூபாய் எஃப்டி இருக்கிறது. ஆண்டுக்கு 7 சதவீதம், காலாண்டுக்கு 14,000 ரூபாய் வட்டி. டிசம்பர் கடைசியில் வங்கிக்குத் தகவல் கொடுத்து, கணக்கு என்ஆர்ஓ ஆகிறது.

முதல் மூன்று காலாண்டு வட்டி 42,000 ரூபாய். அப்போது அவர் வங்கியின் பார்வையில் உள்ளூர்க்காரர். பிரிவு 194ஏ படி 10 சதவீதம், 4,200 ரூபாய் பிடிக்கிறார்கள். கடைசிக் காலாண்டு வட்டி 14,000 ரூபாய். இப்போது அவர் என்ஆர்ஓ வாடிக்கையாளர். பிரிவு 195 படி 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆகமொத்தம் 31.2 சதவீதம். 4,368 ரூபாய் போகிறது. ஒரே மனிதர், ஒரே பான் எண், ஒரே ஆண்டு. அவருடைய 26ஏஎஸ் வரிப் பதிவில் ஒரு வரி அவரைக் குடியிருப்பாளர் என்கிறது, அடுத்த வரி வெளிநாடுவாழ் இந்தியர் என்கிறது.

எது சரி? ஏப்ரல் 1 முதல் நவம்பர் 15 வரை எண்ணினால் 229 நாட்கள். 182ஐத் தாண்டிவிட்டார். ஆகவே 2024–25ஆம் ஆண்டுக்கு அவர் வருமான வரிச் சட்டப்படி இந்தியக் குடியிருப்பாளர். பிரிவு 195 என்று அச்சிட்ட சீட்டு கையில் இருப்பதால் அவர் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுவதில்லை.

வங்கி தப்பு செய்ததா என்றால், இல்லை. ஃபெமா சொன்னபடி கணக்கை மாற்றியது, என்ஆர்ஓ கணக்குக்கு உரிய விகிதத்தில் பிடித்தது. கிளைக்குப் போய்க் கேட்டால், “அண்ணே, அக்கவுண்ட் என்ஆர்ஓ. சிஸ்டமே முப்பத்தொண்ணு பர்சென்ட் பிடிச்சிடும், நாங்க கையால ஒண்ணும் மாத்த முடியாது” என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அது முடிவான பதில் அல்ல. வரி பிடிப்பது வங்கியின் வேலை. குடியிருப்பு நிலையை அறிவிப்பது வரி செலுத்துபவரின் உரிமையும் பொறுப்பும். அந்த அறிவிப்புக்கு உரிய இடம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் படிவம். எந்தப் பிரிவில் பிடித்திருந்தாலும், அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் அரசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அது உங்கள் பெயரில் உள்ள வரவு.

சலுகையோடு கடமையும் வரும்

இங்கே ஒரு எச்சரிக்கை. குடியிருப்பாளர் என்று சொன்னால் ரீஃபண்ட் வரும் என்று கேள்விப்பட்டு அதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. குடியிருப்பாளர் என்றால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். நம் கட்டிங் தொழிலாளி நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை துபாயில் வாங்கிய 3,15,000 ரூபாயையும் சேர்க்க வேண்டும். ஆம்பூர்ச் சம்பளம் 2,25,000, வட்டி 56,000 சேர்ந்து மொத்தம் 5,96,000 ரூபாய். புதிய வரி முறையில் 2024–25ஆம் ஆண்டுக்கு 7 லட்சம் வரை வருமானம் உள்ள குடியிருப்பாளருக்குப் பிரிவு 87ஏ தள்ளுபடி உண்டு. வரி பூஜ்யம். பிடித்த 8,568 ரூபாயும் முழுதாகத் திரும்பி வரும்.

ஆனால் அவருக்குத் துபாயில் வங்கிக் கணக்கு இருந்தால் அதை வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியாக வேண்டும். எளிய படிவமான ஐடிஆர்-1 அவருக்குப் பொருந்தாது, ஐடிஆர்-2 தான். 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில், வெளிநாட்டுச் சொத்தை மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம் இல்லை என்பதற்காகக் காட்ட வேண்டாம் என்று பொருள் கொள்ளக் கூடாது.

அடுத்த ஆண்டுக்கு வருவோம். 2025–26இல் அவர் துபாயிலேயே இருந்து, பெருநாளுக்காக 40 நாள் மட்டும் ஊருக்கு வந்து போகிறார். இப்போது சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர். துபாய்ச் சம்பளத்துக்கு இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. எஃப்டி வட்டி 56,000 ரூபாயில் 31.2 சதவீதம், 17,472 ரூபாய் பிடிபடும். அதே டெபாசிட் உள்ளூர்க்காரர் பெயரில் இருந்தால் பிடிப்பது 5,600 ரூபாய் மட்டுமே. வரி பிடிக்க வேண்டாம் என்று கோரும் உறுதிமொழிப் படிவமான 15ஜி கொடுத்துத் தவிர்க்கலாமா என்றால், முடியாது. 15ஜி, 15எச் இரண்டுமே குடியிருப்பாளருக்கு மட்டும் உரியவை. மகன் வெளிநாட்டில் இருக்க, அவர் பெயரில் அப்பா 15ஜியில் கையெழுத்துப் போடுவது பொய் உறுதிமொழி ஆகிவிடும். அப்படி யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள்.

பிடித்த 17,472 ரூபாய் போனது போனதுதானா? இல்லை. என்ஆர்ஓ வட்டிக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கும் வழக்கமான வரி அடுக்குகளே பொருந்தும். 2025–26இல் புதிய முறையின் அடிப்படை விலக்கு 4 லட்சம் ரூபாய். இந்தியாவில் அவருடைய வருமானம் 56,000 மட்டுமே. கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. ஐடிஆர்-2 தாக்கல் செய்தால் முழுத்தொகையும் திரும்பி வரும். “நமக்குத்தான் வரி வருமானமே இல்லையே, எதுக்குக் கணக்குத் தாக்கல்?” என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பணத்தைத் தங்களுக்கே தெரியாமல் விட்டுக்கொடுக்கின்றன.

2023 ஜூலையில் நடந்தது

குடியிருப்பு நிலை தவறாகப் பதிவானால் என்ன ஆகும் என்பதை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்த சம்பவம் ஒன்று உண்டு. ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழக்கும் என்று அரசு அறிவித்திருந்தது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 2017 மே மாத அறிவிக்கையிலேயே அவர்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். இருந்தும் பல வெளிநாடுவாழ் இந்தியர்களின் பான் எண்கள் செயலிழந்தன.

ஏன்? அதே ஜூலையில் வருமான வரித் துறை விளக்கம் தந்தது. கடந்த மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் வெளிநாடுவாழ் இந்தியர் என்று கணக்குத் தாக்கல் செய்தவர்களையும், தங்கள் பகுதி மதிப்பீட்டு அதிகாரிக்குத் தெரிவித்தவர்களையும் மட்டுமே துறை வெளிநாடுவாழ் இந்தியர் பட்டியலில் சேர்த்திருந்தது. மற்றவர்கள் எல்லாரும் கணினியின் கண்ணில் உள்ளூர்க்காரர்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஆதார ஆவணங்களுடன் அந்த அதிகாரியை அணுகி நிலையைத் திருத்திக்கொள்ளும்படி துறை கேட்டுக்கொண்டது. செயலிழந்த பான் எண்ணுக்கு ரீஃபண்ட் வராது, நிலுவை ரீஃபண்டுக்கு வட்டி ஓடாது, பிரிவு 206ஏஏ படி கூடுதல் விகிதத்தில் வரி பிடிப்பார்கள்.

இதில் அடிபட்டவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய முதலீடு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் ஆடிட்டர் வைத்து ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்கிறவர். அவர் பெயர் பட்டியலில் இருக்கும். சவூதியில் கட்டட வேலையிலும் துபாயில் கடை வேலையிலும் இருப்பவர், இந்தியாவில் வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவர், தாக்கல் செய்யத் தேவையில்லை என்று சட்டமே விட்டுவைத்தவர், அவர்தான் பட்டியலில் விடுபட்டார். சட்டம் கொடுத்த விலக்கு, அது மிகவும் தேவைப்பட்டவரைப் போய்ச் சேரவில்லை. இது சிறிய நிர்வாகக் குறை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

இதற்கு முன் கொரோனாவிலும் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. 2020 மார்ச்சில் ஊருக்கு வந்தவர்கள் விமானம் நின்றதால் சிக்கிக்கொண்டார்கள். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 மே 8 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், அந்த மார்ச் 22க்கு முன் வந்து சிக்கியவர்களுக்கு 22 முதல் 31 வரையான நாட்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றது. அது 2019–20ஆம் ஆண்டுக்கு. 2020–21ஆம் ஆண்டுக்கு அப்படிப் பொதுச் சலுகை எதுவும் தரவில்லை. 2021 மார்ச் 3 சுற்றறிக்கையில், இரட்டை வரி விழுகிறவர்கள் தனித்தனியே விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் சொன்னது. பல மாதங்கள் சிக்கி 182 நாட்களைத் தாண்டியவர் அந்த ஆண்டு குடியிருப்பாளர் ஆனார். அப்போதும் பலருக்குக் கைகொடுத்தது சட்டத்தில் இருக்கும் இன்னொரு நிலை. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தவர், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவர், ‘வழக்கமாகக் குடியிராத குடியிருப்பாளர்’. அவர் வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே பெற்ற சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. நீண்ட காலம் வளைகுடாவில் இருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் இந்த நிலையைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தவரின் சீட்டு

நிரந்தரமாக ஊர் திரும்பியவர்களிடம் பிரச்சினை தலைகீழாக வரும். வங்கிக்குச் சொல்ல மறந்து, கணக்கு என்ஆர்ஓவாகவே இருக்கும். மேல்விஷாரத்தில் கடை போட்டு இரண்டு ஆண்டு ஆனவருக்கும் 31.2 சதவீதம் பிடிபட்டுக்கொண்டே இருக்கும். அது ரீஃபண்டில் மீளக்கூடிய நஷ்டம். ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்இ டெபாசிட்டின் வட்டிக்கு வரிவிலக்கு, ஃபெமா சட்டப்படி வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு மட்டும். ஊரோடு தங்கிவிட்டவருக்கு அந்த விலக்கு கிடையாது. வங்கி அவரை இன்னும் என்ஆர்இ வாடிக்கையாளர் என்று நினைத்து வரியே பிடிக்காமல் இருக்கும். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. பின்னால் நோட்டீஸ் வந்தால் வரியோடு வட்டியும் சேரும். திரும்பி வந்ததும் பாஸ்போர்ட்டோடு வங்கிக்குப் போய், என்ஆர்ஓவையும் என்ஆர்இயையும் உள்ளூர்க் கணக்காக மாற்றிவிடுங்கள். டாலரில் சேமிப்பைத் தொடர விரும்பினால் அதற்கென ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது.

வீடு, மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், உள்ளூர்ச் சொத்துக்குரிய 1 சதவீத வரிப் பிடித்தம் பொருந்தாது. 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. பிரிவு 195 படி, நீண்டகால மூலதன ஆதாயத்துக்குரிய விகிதத்தில் பிடிக்க வேண்டும். 2024 ஜூலை 23 முதல் அது 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். தவறான படிவத்தில் கட்டினால் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும். பத்திரம் எழுதும் முன் விற்பவரின் குடியிருப்பு நிலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சீட்டு தவறாக வந்தால்

செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாட்களை எண்ணுங்கள். பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் ஏப்ரல்–மார்ச் ஆண்டுவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். துபாய் விமான நிலையத்தில் ஸ்மார்ட் கேட் வழியாகப் போனால் முத்திரை விழாது, எனவே டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த நாளையும் எண்ணுவதா என்பதில் தீர்ப்பாயங்களே மாறுபட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அதனால் 182ஐ ஒட்டிப் பயணத்தைத் திட்டமிடாமல் சில நாட்கள் இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது, காலாண்டுக்கு ஒரு முறை 26ஏஎஸ் பதிவையும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிரிவு 194ஏ என்று இருக்கிறதா, 195 என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். அதைவிட முக்கியம், பான் எண் உங்களுடையதுதானா என்பது. பிரிவு தவறினால் வரவு தங்கும். பான் தவறினால் வரவே உங்களுக்கு வராது.

மூன்றாவது, வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கணக்கின் வகையை மாற்றும் கடிதத்தோடு, தவறான காலாண்டுக்குத் திருத்த அறிக்கை தாக்கல் செய்யும்படி கோருங்கள். உங்களிடமிருந்து தகவல் போன பிறகும் வங்கி பழைய வகையிலேயே பிடித்திருந்தால் இந்தக் கோரிக்கைக்கு வலு அதிகம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். புதிய சட்டத்தில் வரி பிடித்தவர் திருத்த அறிக்கை தாக்கல் செய்வதற்கான கால வரம்பு, முன்பிருந்த 6 ஆண்டுகளில் இருந்து 2 ஆண்டுகளாகக் குறுகிவிட்டது. தள்ளிப்போட்டால் வங்கி விரும்பினாலும் திருத்த முடியாது.

நான்காவது, வங்கி திருத்தாவிட்டாலும் கணக்குத் தாக்கலை நிறுத்தாதீர்கள். நாட்களின் படி எது உங்கள் நிலையோ அதைப் படிவத்தில் குறியுங்கள். வட்டி முழுவதையும் காட்டுங்கள். பிடித்த தொகை முழுவதையும் வரவாகக் கோருங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 பயன்படுத்தக் கூடாது. சீட்டுக்கும் படிவத்துக்கும் நிலை வேறுபட்டுத் துறை கேள்வி கேட்டால், நாட்கணக்கு நோட்டும் பாஸ்போர்ட் நகலுமே உங்கள் பதில்.

ஐந்தாவது, விட்டுப்போன பழைய ஆண்டுகள். காலம் தாண்டிய ரீஃபண்டை, ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ எனும் புதுப்பித்த கணக்கு வழியாகக் கேட்க முடியாது. ஆனால் பிரிவு 119(2)(பி) படி தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். 1 கோடி ரூபாய் வரை முதன்மை ஆணையர் நிலையிலேயே முடிவெடுக்கலாம். உண்மையான காரணத்தை ஆவணத்தோடு சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே குறைவாகப் பிடிக்கச் செய்யவும் வழிகள் இருக்கின்றன. பிரிவு 197 படி துறையிடம் குறைந்த விகிதச் சான்று வாங்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்புச் சான்று பெற்று, படிவம் 10எஃப் உடன் வங்கியில் கொடுத்தால், இந்திய–அமீரக வரி ஒப்பந்தப்படி வட்டிக்கு 12.5 சதவீதமே பிடிப்பார்கள். சான்றுக்குக் கட்டணம் உண்டு. சிறிய டெபாசிட் வைத்திருப்பவர் கட்டணத்தையும் மிச்சத்தையும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும்.

மாற வேண்டியவர்கள் யார்?

இவ்வளவையும் ஒரு தொழிலாளி தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. உள்ளூர்க்காரருக்கு வட்டி 50,000 ரூபாய் தாண்டினால்தான் வங்கி கைவைக்கிறது. என்ஆர்ஓ கணக்கில் முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம். கோடிகள் வைத்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதிய விதி, எட்டு லட்சம் சேர்த்த கட்டிங் தொழிலாளியையும் அதே இடத்தில் நிறுத்துகிறது. சிறு வட்டிக்கு என்ஆர்ஓ கணக்கிலும் ஒரு குறைந்தபட்ச வரம்பு வேண்டும். அதை அரசு செய்யலாம், செய்ய வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி வங்கிக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கை என்ஆர்ஓவாக மாற்றும் அன்றே, “இந்த ஆண்டு உங்கள் நாட்கள் எத்தனை, ரீஃபண்ட் கேட்க வேண்டியிருக்கும்” என்று தமிழிலும் உருதுவிலும் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். ஊர் ஜமாத்துகள், தொழிற்சங்கங்கள், கல்லூரி வணிகவியல் துறைகள் ஜூன், ஜூலையில் வாரம் ஒரு நாள் உதவி மேசை போட்டால் போதும், பல வீடுகளுக்குப் பணம் திரும்பி வரும்.

வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளிநாட்டில் உங்கள் வீட்டு ஆள் யாராவது இருந்தால், இந்த வாரம் அவரிடம் பேசும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தத் தேதியில் வந்தார், போனார், வங்கியில் எவ்வளவு வரி பிடித்தார்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதி, நம்பகமான வரி ஆலோசகரிடம் காட்டுங்கள்.

(அடுத்த வாரம்: பிஎஃப் பணத்தை எடுக்காமல் வெளிநாடு போனவர்கள்)